காசு கொடுத்து வாங்கினதுதானே

அக்காவின் லேப்டாப் ஒரு நாள் திடீரென்று உயிரை விட்டது. பவர் பட்டனை அழுத்தினால் விளக்குகூட எரியவில்லை. பிரித்துப் பார்த்தவர், மதர்போர்டு போய்விட்டது, அதை மாற்றுகிற செலவுக்குக் கொஞ்சம் மேலே போட்டால் வேறு லேப்டாப்பே வாங்கிவிடலாம் என்று சொல்லிவிட்டார். அக்கா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏழு வருடம் உழைத்திருக்கிறது, போதும் என்றாள். அந்தச் சமயத்தில்தான் நான் ஒரு பழைய டெஸ்க்டாப்பை வாங்கி வைத்திருந்தேன். ஏதோ ஓர் அலுவலகத்தில் கழித்துக்கட்டிய பெட்டி, டிஸ்க் இல்லாமல் வந்தது. "விண்டோஸ் இல்லை, விண்டோஸ் இல்லைன்னு புலம்பிக்கிட்டிருந்தியே, என்னோடதுல இருக்கறதை எடுத்துப் போட்டுக்கோ. காசு கொடுத்து வாங்கினதுதானே" என்று லேப்டாப்பை என் கையில் திணித்தாள். அவளுக்கு வேண்டியதெல்லாம் அதில் இருந்த போட்டோக்கள் மட்டும்தான்.

அந்தக் கடைசி வரி என்னை விடவே இல்லை. கேட்ட நேரத்தில் அதில் தவறு எதுவும் தெரியவில்லை. ஒரு பொருள் பழுதானால் அதில் நன்றாக இருக்கிற பாகத்தைக் கழற்றி இன்னொன்றில் மாட்டிக்கொள்வது எல்லோரும் செய்வதுதான். அந்த லேப்டாப்பின் ராம் நன்றாக இருந்தது, டிஸ்க்கான எஸ்எஸ்டி நன்றாக இருந்தது, சார்ஜர்கூட நன்றாக இருந்தது. விண்டோஸுக்கு மட்டும் என்ன வந்தது? தேய்ந்துபோக அதில் எதுவும் இல்லையே. புதுக் கணினியோடு சேர்ந்தே வருகிற ஓஇஎம் லைசென்ஸ் அந்த மெஷினோடு சேர்ந்தது என்று எங்கோ படித்த ஞாபகம் எனக்கு இருந்தது. ஆனால் படித்தது வேறு, அக்கா கொடுத்துவிட்டுப் போன பொருளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது வேறு. கணினி விஷயத்தில் கொஞ்சம் விவரம் தெரிந்தவன் என்கிற நினைப்பும் எனக்கு உண்டு. எல்லாம் சேர்ந்து மூன்று வாரக் கடைசிகளைத் தின்றுவிட்டன.

48 எண்ணும் 25 எழுத்தும்

முதலில் எஸ்எஸ்டியைக் கழற்றி டெஸ்க்டாப்பில் மாட்டினேன். நீலத் திரை வந்தது. டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறது, மீட்புக் குறியீட்டைக் கொடு என்றது. அக்கா எதையும் பூட்டவில்லை. லேப்டாப் தானாகவே பூட்டியிருக்கிறது. விண்டோஸ் ஹோமில்கூட மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததும் பல லேப்டாப்களில் டிஸ்க் தானாக மறையாக்கம் ஆகிவிடுகிறது. அதன் திறவுகோலை மதர்போர்டில் இருக்கிற டிபிஎம் என்கிற பாதுகாப்புச் சில்லு பார்த்துக்கொள்ளும். டிஸ்க் வேறு போர்டுக்குப் போனால் இது யாரோ திருடிக்கொண்டு வந்தது என்று எடுத்துக்கொண்டு 48 இலக்க எண்ணைக் கேட்கும். அந்த எண் அக்காவின் கணக்கில் பத்திரமாக இருந்தது. போனில் ஆறு ஆறாக எட்டுத் தடவை வாசித்தாள். ஐந்தாவது கட்டத்தில் ஓர் இலக்கத்தை நான் தப்பாக அடித்து, அவள் பொறுமை இழந்து, திரும்ப வாசித்து, ஒருவழியாகத் திறந்தது. (இதைப் படிக்கிறவர்கள் தங்கள் லேப்டாப்புக்கு அந்த எண் எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். போர்டு செத்த பிறகு கணக்கின் பாஸ்வேர்டும் மறந்துபோயிருந்தால் போட்டோக்களுக்கும் அதே கதிதான்.)

அப்புறம் விண்டோஸ் எழுந்து வந்தது. புதிய வன்பொருளைப் பார்த்துக் கொஞ்ச நேரம் திகைத்துவிட்டு, தானே டிரைவர்களைத் தேடிப் போட்டுக்கொண்டு, அக்கா வைத்திருந்த அதே வால்பேப்பரோடு நின்றது. எக்ஸ்பி காலத்தில் இப்படி டிஸ்க்கை மாற்றினால் நீலத் திரையோடு கதை முடிந்துவிடும். இப்போது அது எவ்வளவோ பழகிவிட்டது. போட்டோக்களை எடுத்துப் பத்திரப்படுத்தினேன். வேலை முடிந்தது, இவ்வளவுதானா என்று இருந்தது. மறுநாள் காலையில் திரையின் வலது மூலையில் சாம்பல் நிறத்தில் எழுத்து தெரிந்தது: விண்டோஸை ஆக்டிவேட் செய்யவும். இந்தக் கணினியில் இதற்கு உரிமம் உண்டு என்று மைக்ரோசாஃப்ட் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம்.

ஆக்டிவேட் ஆகாத விண்டோஸ் சண்டை போடாது. பிரவுசர் ஓடும், கோப்புகள் திறக்கும், எல்லாம் நடக்கும். வால்பேப்பரையும் நிறங்களையும் செட்டிங்ஸில் மாற்ற விடாது, மூலையில் அந்த எழுத்து நிற்கும், அவ்வளவுதான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டால் விட்டுவிடலாம். வாசலில் நிற்க விட்டு, உள்ளே வா என்றும் சொல்லாமல் போ என்றும் சொல்லாமல் இருந்தால் என்ன செய்வது? அக்காவின் கோப்புகளைக் காக்கிற பூட்டு 48 எண்ணைக் கேட்டது, கொடுத்தோம், உரியவர்தான் என்று நம்பித் திறந்தது. அவள் காசு கொடுத்த விண்டோஸுக்கு இருப்பது 25 எழுத்துச் சாவி. அந்தச் சாவி ஏற்கெனவே அந்த டிஸ்க்கிலேயே பதிந்தும் இருந்தது. அதற்கு மட்டும் யார் சொன்னாலும் போதவில்லை.

சரி, இது என்ன வகை லைசென்ஸ் என்று கண்ணால் பார்த்துவிடலாம் என்று கமாண்ட் திரையைத் திறந்து எஸ்எல்எம்ஜிஆர் கட்டளையை டிஎல்ஐ என்கிற வாலோடு அடித்தேன். சின்னப் பெட்டி ஒன்று வந்தது. சாவியின் கடைசி ஐந்து எழுத்துகள் அதில் இருந்தன. மேலே சேனல் என்ற இடத்தில் 'ஓஇஎம் டிஎம்' என்று இருந்தது. தனியாக வாங்கிய விண்டோஸாக இருந்தால் அங்கே ரீட்டெய்ல் என்று இருந்திருக்கும். மைக்ரோசாஃப்டின் உரிம விதிகளில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒளிவுமறைவு இல்லாமல் எழுதப்பட்டிருக்கிறது. தனியாக வாங்கியதை, உங்களுடைய இன்னொரு கணினிக்கு மாற்றிக்கொள்ளலாம். பழையதில் இருந்து எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். கணினியோடு வந்ததை வேறு ஆளுக்குக் கொடுக்கலாம், ஆனால் அந்தக் கணினியோடு சேர்த்து மட்டும்தான் கொடுக்க முடியும். ஆள் மாறலாம், பெட்டி மாறக் கூடாது.

ஒட்டி இருந்த காலம்

விண்டோஸ் எக்ஸ்பி 2001-இல் வந்தபோதுதான் விண்டோஸில் ஆக்டிவேஷன் என்கிற சங்கதியே நுழைந்தது. அப்போதெல்லாம் பெட்டியின் பக்கவாட்டிலோ லேப்டாப்பின் அடியிலோ ஓர் ஒட்டி இருக்கும். 25 எழுத்தும் அதில் அச்சாகியிருக்கும். லேப்டாப்பின் சூட்டிலும் மடியின் உராய்விலும் நான்கு வருடத்தில் அது வெள்ளைக் காகிதமாகிவிடும்; விவரம் தெரிந்தவர்கள் மேலே டேப் ஒட்டி வைப்பார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. விஸ்டா, விண்டோஸ் 7 காலத்து லேப்டாப்களில் உண்மையில் ஓடிக்கொண்டிருந்தது அந்த ஒட்டியில் இருந்த சாவியே இல்லை. தயாரிப்பாளர் ஒரே பதிப்பு ஓடும் தன் லேப்டாப்களுக்கெல்லாம் ஒரே பொதுச் சாவியைப் போட்டு அனுப்புவார். கணினியை எழுப்பிவிடுகிற, போர்டிலேயே பதிந்த மென்பொருளான பயாஸில் எஸ்எல்ஐசி என்கிற அட்டவணை ஒன்று இருக்கும். டிஸ்க்கில் இருக்கிற சான்றிதழும் அந்த அட்டவணையும் பொருந்தினால் இணையத்தைக் கேட்காமலேயே ஆக்டிவேட் ஆகிவிடும். ஒட்டியில் இருந்த சாவி பெரும்பாலும் யாரும் தொடாமலே கிடக்கும். சாவி எடுக்கிற மென்பொருள் ஒரு எண்ணைக் காட்ட, ஒட்டி இன்னொரு எண்ணைக் காட்ட, குழம்பிப்போனவர்கள் எத்தனையோ பேர். அதில் நானும் ஒருவன்.

2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது அந்த ஒட்டி போய்விட்டது. எண் எதுவும் இல்லாத சின்ன ஒட்டி ஒன்று அந்த இடத்துக்கு வந்தது. சாவி மதர்போர்டில் பதிந்திருக்கிற மென்பொருளான ஃபர்ம்வேருக்குள், எம்எஸ்டிஎம் என்கிற அட்டவணைக்குப் போய்ச் சேர்ந்தது. இப்போது ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனிச் சாவி. சாதாரணமாகப் பயன்படுத்துகிறவருக்கு இது நல்லதுதான், அதை மறுக்க மாட்டேன். டிஸ்க் போய்விட்டால் புது டிஸ்க் போட்டு விண்டோஸைத் திரும்ப நிறுவினால், சாவியைக் கேட்காமல் அதுவே படித்துக்கொள்ளும். ஆனால் அந்த மாற்றத்தோடு கையில் பிடித்துப் பார்க்க ஏதோ ஒன்று இருந்த காலமும் முடிந்தது. ராமை மாற்றலாம், டிஸ்க்கை மாற்றலாம், கிராஃபிக்ஸ் கார்டை மாற்றலாம், உரிமம் தாங்கும். போர்டை மாற்றினால் அது வேறு கணினி. பழுதான போர்டைத் தயாரிப்பாளரின் உத்தரவாத விதிப்படி மாற்றினால் விலக்கு உண்டு. அக்காவுடையதற்கு உத்தரவாதக் காலம் முடிந்து பல வருடம் ஆகிவிட்டது. போர்டோடு உரிமமும் உடன்கட்டை ஏறிவிட்டது.

பில்லில் இல்லாத பொருள்

இந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் நான் சட்டம் படிக்கத் தொடங்கிவிடுவேன், கெட்ட பழக்கம். வாங்கியவன் அதைத் திரும்ப விற்கலாமா என்பது புத்தகக் காலத்துக் கேள்வி. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1908-இலேயே, ஒரு புத்தகத்தை விற்றுவிட்ட பதிப்பாளர் அதை அடுத்தவர் என்ன விலைக்கு விற்க வேண்டும் என்று கட்டளை போட முடியாது என்று சொல்லிவிட்டது. மென்பொருளுக்கு வந்ததும் நாட்டுக்கு ஒரு பேச்சு. ஜெர்மனியின் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 2000 ஜூலையில் தீர்த்த வழக்கு நம் விஷயத்துக்கு ரொம்பக் கிட்டே வருகிறது. புதுக் கணினியோடு மட்டுமே விற்க வேண்டும் என்று குறிப்பிட்டிருந்த மைக்ரோசாஃப்ட் மென்பொருளை ஒரு வியாபாரி தனியாக விற்றார். சந்தைக்கு வந்துவிட்ட பிரதியை அடுத்தடுத்த கைகளில் கட்டுப்படுத்த முடியாது என்று நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2012 ஜூலையில் ஐரோப்பிய நீதிமன்றம் ஆரக்கிள் என்கிற மென்பொருள் நிறுவனம் சம்பந்தப்பட்ட வழக்கில், இணையத்தில் இறக்கிய மென்பொருளாக இருந்தாலும் காலவரையில்லாத உரிமத்தைப் பணம் வாங்கிக் கொடுத்தால் அது விற்பனைதான், முதலில் வாங்கியவர் தன் பிரதியைச் செயலிழக்கச் செய்துவிட்டு இன்னொருவருக்கு விற்கலாம் என்றது. அதற்கு இரண்டு வருடம் முன்னால், 2010-இல், அமெரிக்காவின் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆட்டோகேட் என்கிற வரைபட மென்பொருளின் பழைய பிரதிகளை விற்றவரின் வழக்கில் நேர் எதிராகச் சொல்லியிருந்தது: உரிமம் வாங்கியவர் வேறு, உரிமையாளர் வேறு.

இதையெல்லாம் படித்து முடித்தபோது எனக்குக் கிடைத்தது திருப்தி இல்லை, இன்னொரு சந்தேகம். ஜெர்மன் வியாபாரி விற்றபோது அவர் கையில் விற்க ஒரு பொருள் இருந்தது. ஒரு வட்டு, ஒரு சான்றுக் காகிதம். அக்காவின் கையில் என்ன இருக்கிறது? செத்துப்போன போர்டில் ஒரு சில்லு, அதற்குள் 25 எழுத்து. எந்த நீதிமன்றம் மாற்றிக்கொள் என்று சொன்னாலும் ஆக்டிவேஷன் சர்வர் ஒத்துக்கொள்ள வேண்டும் அல்லவா.

அப்போதுதான் அக்காவின் வாக்கியத்தில் எந்தச் சொல் இடிக்கிறது என்று தெரிந்தது. மாற்றிக்கொள்ள முடியாததில்கூட எனக்கு அவ்வளவு வருத்தம் இல்லை. 'காசு கொடுத்து' என்றாளே, எந்தக் காசு? லேப்டாப் வாங்கிய பில்லைத் தேடி எடுத்தோம். அதில் லேப்டாப்பின் மாடல் பெயர் இருக்கிறது, ஒரே ஒரு தொகை இருக்கிறது. விண்டோஸ் என்று தனியாக ஒரு வரி இல்லை. இதுவும் நீதிமன்றம் வரை போன விவகாரம்தான். பிரான்சில் 2008-இல் சோனி லேப்டாப் வாங்கிய ஒருவர் உள்ளே இருக்கிற மென்பொருள் எனக்கு வேண்டாம், அதன் விலையைத் திருப்பிக் கொடு என்று கேட்டார். வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், 2016 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது: முன்பே நிறுவிய மென்பொருளின் விலையைத் தனியாகக் காட்டாதது வாங்குபவரை ஏமாற்றும் செயல் ஆகாது. இத்தாலியில் ஒருவர் லெனோவோவிடம் இதே மாதிரி கேட்டுப் போராடினார். அவர் கேட்ட விண்டோஸ் விலை 42 யூரோ. தராமல் மேல்முறையீடு வரை இழுத்தடித்ததற்காக 2020 டிசம்பரில் மோன்சா நீதிமன்றம் நிறுவனத்துக்கு விதித்த தொகை 20,000 யூரோ. இந்த 42-ஐப் பார்த்ததும் என் கோபம் பாதியாகக் குறைந்தது என்று ஒத்துக்கொள்கிறேன். தனியாக வாங்கும் விண்டோஸ் இதைவிடப் பல மடங்கு விலை. மலிவாகக் கிடைத்ததற்குக் காரணமே அது போர்டோடு கட்டப்பட்டிருப்பதுதான். கட்டிப் போட்டது நியாயமான பேரமாகவே இருக்கலாம். கட்டிப் போட்டிருக்கிறோம் என்று வாங்குகிற இடத்தில் யாரும் சொல்லாததுதான் எனக்கு இன்றைக்கும் ஜீரணமாகவில்லை. ஒப்பந்தம் திரையில் வருகிறதே என்பார்கள். புது லேப்டாப்பை முதல்முறை திறந்து, பெயர் போட்டு, வைஃபை பாஸ்வேர்டு போட்டு, அடுத்து அடுத்து என்று அழுத்துகிற அவசரத்தில் யார் படித்தார்கள்?

சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கம்

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. கோபமும் தணிந்து, சரி, ஒரு ரீட்டெய்ல் சாவி வாங்கிவிடலாம் என்று முடிவுக்கு வந்துவிட்டேன். இணையத்தில் சாவிகள் அடிமாட்டு விலைக்கு விற்கிறார்கள். அவை எங்கிருந்து வருகின்றன என்று பார்த்தால் பல, நிறுவனங்களுக்கான மொத்த உரிமத்தில் இருந்து கசிந்தவை. ஒரு நாள் ஓடும், மறு நாள் முடக்குவார்கள். அந்தப் பக்கம் போகவில்லை. கடைசியாக ஒன்று மட்டும் பார்த்துவிடலாம் என்று, வேறொரு கட்டளையைப் போட்டு, ஃபர்ம்வேரில் சாவி ஏதாவது இருக்கிறதா என்று டெஸ்க்டாப்பிடம் கேட்டேன். வெறும் வரி வரும் என்று நினைத்தேன். 25 எழுத்து வந்தது. கடைசி ஐந்து, அக்காவுடையவை இல்லை.

கொஞ்ச நேரம் புரியவில்லை. அப்புறம் டெஸ்க்டாப்பைத் திருப்பினேன். வாங்கி வந்த நாளில் இருந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்தில், எண் இல்லாத அந்தச் சின்ன ஒட்டி. விண்டோஸ் 10 ப்ரோ. அக்காவின் டிஸ்க்கில் இருந்தது ஹோம். அதனால்தான் இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளவே இல்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பார்களே, நான் மூன்று வாரமாக அதைத்தான் செய்திருக்கிறேன். போட்டோக்கள் இரண்டு இடத்தில் பத்திரமாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, டிஸ்க்கைத் துடைத்து விண்டோஸ் 11-ஐப் புதிதாக நிறுவினேன். 10-க்கான சாவியை 11 ஏற்றுக்கொள்ளும். எந்தப் பதிப்பு என்று கேட்கவில்லை, சாவியும் கேட்கவில்லை. இணையத்தோடு இணைந்த சில நிமிடங்களில் ஆக்டிவேட் ஆகியிருந்தது.

மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது ஒரு மாதிரியான கூச்சம். அக்காவின் சாவியை எனக்குத் தராமல் தடுத்தது எந்த விதியோ, அதே விதிதான் முகம் தெரியாத ஒருவரின் சாவியை என் கையில் கொண்டு வந்து வைத்திருக்கிறது. பெட்டி கை மாறினால் உரிமமும் கூடவே போகும். அவரும் அறியவில்லை, நானும் அறியவில்லை. இன்னொன்றும் தோன்றியது. பெரிய அலுவலகங்கள் விண்டோஸை மொத்த உரிமமாக எடுக்கின்றன. அந்த மொத்த உரிமம் ஒரு மேம்பாடு மட்டும்தான். அடியில் ஏற்கெனவே ஒரு தகுதியான விண்டோஸ் உரிமம் இருந்தாக வேண்டும். ஆகவே ப்ரோவோடு வாங்கிய கணினியில், வந்த அன்றே அதைத் துடைத்துவிட்டுத் தங்கள் எண்டர்பிரைஸ் பதிப்பைப் போட்டுக்கொள்வது சாதாரணம். என் டெஸ்க்டாப்பிலும் அப்படி நடந்திருந்தால், யாரோ பணம் கட்டி, ஒரு நாள்கூடப் பயன்படுத்தாத சாவி ஒன்றை நான்தான் முதன்முதலில் திருப்பியிருக்கிறேன். ஏழு வருடம் பயன்படுத்தியவளுக்கு எதுவும் மிஞ்சவில்லை.

2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தபோது இதை நினைத்துக்கொண்டேன். டிபிஎம் 2.0 இல்லை, பிராசஸர் மைக்ரோசாஃப்டின் பட்டியலில் இல்லை என்று 11-க்குள் நுழைய முடியாத கணினிகள் எவ்வளவோ. அவற்றில் விண்டோஸ் 10-ஓடு வந்தவற்றின் சாவிகள் 11-க்கும் செல்லக்கூடியவை. சாவி நன்றாக இருக்கிறது, போர்டு தகுதியில்லை. போர்டு போகும்போது சாவியும் கூடவே குப்பைக்குப் போகும். தனியாகப் பிரித்து எடுக்க அனுமதி இல்லை. பழைய கணினி வாங்குகிறவர்கள் ராம் எவ்வளவு, டிஸ்க் எவ்வளவு என்று கேட்கிறார்கள். ஃபர்ம்வேரில் எந்தப் பதிப்பின் சாவி இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். போட்டோக்களை நகலெடுத்து வைத்திருந்த வேறொரு டிஸ்க்கைக் கையில் வாங்கிக்கொண்டு, "அப்போ என்னோட விண்டோஸ் எங்கடா?" என்றாள்.

"போர்டுலதான் இருக்கு."

"போர்டுதான் செத்துப்போச்சே."

"போர்டு செத்துப்போச்சு. அந்தச் சில்லு நல்லாத்தான் இருக்கும். அதுக்குள்ள அப்படியே இருக்கும்."

"யாருக்காக?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவளும் அதற்கு மேல் கேட்கவில்லை. போன வாரம் புது லேப்டாப் வாங்கியிருக்கிறாள். பில்லைப் போட்டோ எடுத்து அனுப்பி, 'இதுல விண்டோஸ் எங்க இருக்குன்னு பார்த்துச் சொல்லு' என்று கீழே எழுதியிருந்தாள். பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு வரி, ஒரு தொகை.